‘நீக்க இயலாது’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள்: வணிக மென்பொருள் வடிவமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணிக மென்பொருள்களை வடிவமைத்து, நிரல் எழுதி, சோதித்து வெளியிடும் குழுவினருக்கு,

வணக்கம்.

கோவை, திருப்பூர் வட்டாரத்தின் பம்ப் தொழிற்சாலைகளிலும் நூற்பாலைகளிலும் பின்னலாடை நிறுவனங்களிலும் ஈ.ஆர்.பி. மென்பொருளை, அதாவது விற்பனை, சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் நடத்தும் வணிக மென்பொருளை, நிறுவிக் கொடுப்பதும், நிறுவிய பிறகு எழும் சிக்கல்களைத் தீர்த்துக் கொடுப்பதும் என் தொழில். எங்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை ஓய்வதே இல்லை. வாடிக்கையாளர் பெயரையோ, சரக்குக் குறியீட்டையோ, பில்லையோ நீக்க முயன்றிருப்பார்கள், மென்பொருள் மறுத்திருக்கும், ஏன் மறுத்தது என்பது அவர்களுக்கு விளங்கியிருக்காது. அழைப்பின் முடிவில், “நீங்களே பேக்எண்டில் போய் எடுத்து விட்டுடுங்க சார்” என்ற வேண்டுகோள், அதாவது திரையை விட்டுவிட்டுத் தரவுத்தளத்துக்குள் நேரடியாக நுழைந்து அழிக்கச் சொல்லும் வேண்டுகோள், தவறாமல் வரும். அந்த வேண்டுகோள் எங்கிருந்து பிறக்கிறது என்பதை உங்களிடம் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

மென்பொருள் மறுப்பதில் எனக்குக் குறையில்லை. பெரும்பாலான வேளைகளில் அது மறுப்பதே சரி. ஆனால் எந்தப் பதிவு தடுக்கிறது, நீக்குவதற்குப் பதிலாக வேறென்ன செய்யலாம் என்ற இரண்டையும் சொல்லாமல் மறுக்கும் மென்பொருள், நேர்வழியில் வந்தவரைப் புறவழிக்குத் தள்ளுகிறது. அந்தப் புறவழியில் தடுக்க எதுவுமே இல்லை.

இந்த மறுப்பு உருவாகும் இடம் உங்களுக்குத் தெரியாததல்ல. விற்பனை ஆணை ஒன்று ஒரு வாடிக்கையாளரைச் சுட்டும்; சரக்கு அனுப்புகைச் சீட்டு அந்த ஆணையைச் சுட்டும்; இன்வாய்ஸ் சீட்டையும், வரவுப் பதிவு இன்வாய்ஸையும் சுட்டும். இந்தச் சங்கிலியின் தலையிலுள்ள தாய்ப் பதிவை அழிக்க முற்பட்டால், சேய்ப் பதிவுகள் அநாதையாகும் என்பதால் தரவுத்தளம் தடுக்கிறது. ஆரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருள் இதை ஓ.ஆர்.ஏ.-02292 என்ற எண்ணோடு சொல்லும், எஸ்.க்யூ.எல். சர்வர் 547 என்றும், மைஎஸ்க்யூஎல் 1451 என்றும், போஸ்ட்கிரெஸ் 23503 என்றும் சொல்லும். எண்கள் வேறானாலும் தகவல் ஒன்றுதான். எஸ்.க்யூ.எல். சர்வர் தடுக்கும் அட்டவணையின் பெயரையும் பத்தியின் (நெடுவரிசையின்) பெயரையும்கூடச் சொல்லிவிடுகிறது. போஸ்ட்கிரெஸ் பதிவை அடையாளம் காட்டும் எந்தச் சாவி மதிப்பு எந்த அட்டவணையிலிருந்து சுட்டப்படுகிறது என்பதைத் தனி வரியில் விவரமாகத் தருகிறது. ஆரக்கிள், தடுத்த கட்டுப்பாட்டு விதியின் பெயரை மட்டும் சொல்லும். நிரல் எழுதியவர் அதற்குப் பெயரிடச் சோம்பியிருந்தால், அது ‘சிஸ்_சி’ என்று தொடங்கி வெறும் எண்களாக நீளும் ஒரு பெயராக இருக்கும். அதை வைத்துக்கொண்டு கணக்குப் பிரிவில் இருப்பவர் என்ன செய்ய முடியும்?

தரவுத்தளம் இவ்வளவு சொல்லியும், நீங்கள் எழுதிய மேலடுக்கு அதை வாங்கி விழுங்கிவிட்டு, “பிழை நேர்ந்தது, நிர்வாகியை அணுகவும்” என்று திரையில் காட்டுகிறது. அந்த நிர்வாகி பல சிறு நிறுவனங்களில் அதே கணக்கர்தான்! தொழில்நுட்ப விவரத்தைப் பயனரிடம் கொட்டக்கூடாது என்ற உங்கள் எண்ணம் புரிகிறது. அட்டவணைப் பெயரை அவரிடம் காட்டச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்த அட்டவணைப் பெயரையும் சாவியையும் கொண்டு, தடுக்கும் ஆவணத்தின் எண்ணைத் தேடியெடுத்து, “இந்த வாடிக்கையாளர் இன்ன தேதியிட்ட இன்ன விற்பனை ஆணையில் இருக்கிறார்” என்று சொல்வது ஒரு வினவல் தூரத்து வேலைதான். மும்பையில் உருவான திறமூல மென்பொருளான ஈ.ஆர்.பி.நெக்ஸ்ட் இதைச் செய்கிறது: இந்த ஆவணம் இன்ன வகையைச் சேர்ந்த இன்ன ஆவணத்தோடு இணைந்திருப்பதால் நீக்கவோ ரத்து செய்யவோ முடியாது என்று சொல்லி, அந்த ஆவணத்துக்கான சுட்டியையும் தருகிறது. அந்தச் சுட்டி இருந்தாலே எங்களுக்கு வரும் அழைப்புகளில் ஒரு பங்கு குறையும்.

ஆவண எண்ணைக் காட்டுவதோடு பணி முடிந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். தடுக்கும் பதிவு, அழைத்தவர் பார்க்கக்கூடிய இடத்தில் இல்லாதிருப்பதே நடைமுறையில் எங்களை அதிக நேரம் அலைக்கழிக்கிறது. இரண்டு கம்பெனிகளுக்கு ஒரே சரக்குப் பட்டியல் பொதுவாக இருக்கும். இங்கே ஒரு பரிவர்த்தனையும் இல்லாத சரக்குக்கு மற்றக் கம்பெனியில் தொடக்க இருப்பு இருக்கும். அனுப்பப்படாத வரைவு ஆணையொன்று, அதை எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும், அவர் பெயரிலேயே கிடக்கும். விலைப் பட்டியலின் ஒரு வரியோ, வங்கிக் கணக்கு இணைப்போ, ஒப்புதலுக்காகக் காத்திருக்கும் கோரிக்கையோ எந்த அறிக்கையிலும் தென்படாமல் பிடித்துக்கொண்டிருக்கும். “எல்லா பில்லையும் கேன்சல் செய்துவிட்டேன், இன்னும் ஏன் விடமாட்டேன் என்கிறது?” என்று கேட்பவரிடம், ரத்தான பில்லும் பில்தான், அதன் எண்ணும் அதிலுள்ள பெயரும் நிலைத்திருக்கவே செய்யும் என்று விளக்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிடுகிறது. சம்பளப் பிரிவு போன்ற மறைக்கவேண்டிய இடத்தில் தடை இருந்தால் அந்த ஆவணத்தைக் காட்டவேண்டாம். “நீங்கள் பார்க்க உரிமையில்லாத ஒரு பதிவு சம்பளப் பிரிவில் இருக்கிறது, அப்பிரிவின் பொறுப்பாளரைக் கேளுங்கள்” என்று சொன்னாலே போதும்.

எதுவும் சுட்டாத பதிவும் சில நேரம் நீங்க மறுக்கும். இங்கே தடை காலத்தாலும் பூட்டாலும் வருகிறது. தாய்ப் பதிவை அழிக்கும்போது சேய் அட்டவணையில் அதன் சாவி எங்கேனும் இருக்கிறதா என்று தரவுத்தளம் தேடியாக வேண்டும். சேய் அட்டவணையின் அந்தப் பத்திக்குச் சுட்டுவரிசை, அதாவது இண்டெக்ஸ், இல்லையென்றால் முழு அட்டவணையையும் வரிவரியாகப் படிக்க நேரும். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி பொறி இந்தச் சுட்டுவரிசையைத் தானே உருவாக்கிக்கொள்ளும், ஆரக்கிளும், எஸ்.க்யூ.எல். சர்வரும், போஸ்ட்கிரெஸும் உருவாக்குவதில்லை, அது உங்கள் பொறுப்பு. நிறுவிய முதல் ஆண்டில் ஒரு நொடியில் முடிந்த நீக்கம், பேரேட்டில் பல லட்சம் வரிகள் சேர்ந்த பிறகு நேரம் கடந்து அறுந்துபோவதற்கு இதுவே காரணம். அப்போதும் திரையில் தோன்றுவது அதே “பிழை நேர்ந்தது”தான்.

பூட்டுச் சிக்கல் இன்னொரு விதம். விற்பனைப் பிரிவில் ஒருவர் அந்த வாடிக்கையாளரின் திரையைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார். எஸ்.ஏ.பி. மென்பொருளில் இந்நிலையில் யாரால் பூட்டப்பட்டிருக்கிறது என்பது பயனர் பெயரோடு வந்துவிடும், எஸ்.எம்.12 என்ற திரையில் நிர்வாகி பூட்டுகளைப் பார்க்கவும் முடியும். வேறு பல மென்பொருள்களில் தரவுத்தளத்தின் எண் மட்டும் கசிந்து வெளியே வரும். ஒரு வேடிக்கை சொல்கிறேன்: 1205 என்ற எண் எஸ்.க்யூ.எல். சர்வரில் இரண்டு செயல்கள் ஒன்றையொன்று பூட்டி முடங்கியதையும், மைஎஸ்க்யூஎல்லில் பூட்டுக்காகக் காத்திருந்த நேரம் முடிந்துபோனதையும் குறிக்கிறது. முன்னதில் செய்ததையே திரும்பச் செய்தால் பெரும்பாலும் நிறைவேறிவிடும். பின்னதில் பூட்டி வைத்திருப்பவரைக் கண்டுபிடிக்காதவரை, இயல்பமைப்பின்படி 50 நொடி காத்திருந்து மறுபடியும் தோற்கவேண்டியதுதான். எண்ணை மட்டும் இணையத்தில் தேடும் கணக்கர், தன் மென்பொருளுக்கு அடியில் எந்தத் தரவுத்தளம் ஓடுகிறது என்று அறியாமல், தவறான மருந்தைச் சாப்பிடுகிறார்.

இனி, அந்தப் பேக்எண்ட் வேண்டுகோளுக்கு வருகிறேன். தரவுத்தளமே எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தால், நேரடியாக உள்ளே போனாலும் தீங்கு நேராது. பெரிய வணிக மென்பொருள்கள் பலவற்றில் அப்படியில்லை. எஸ்.ஏ.பி.யில் அட்டவணைகளின் அமைப்பை வரையறுக்கும் ஏபாப் அகராதியில் எழுதப்படும் அட்டவணை உறவுகள் தரவுத்தளத்தில் கட்டுப்பாடுகளாக இறங்குவதில்லை. திரையில் உள்ளீடு செய்யும்போதும் பயன்பாட்டு நிரல் ஓடும்போதும்தான் அவை சோதிக்கப்படுகின்றன. மைக்ரோசாஃப்டின் பிசினஸ் சென்ட்ரலிலும் இணைப்புகளைக் காப்பது பயன்பாட்டு அடுக்குதான், அங்கே நிரலிலிருந்து ஒரு பதிவை நீக்கும் ஆணையில் ‘உண்மை’ என்று சேர்க்காவிட்டால், அட்டவணையின் நீக்கச் சோதனை நிரல் ஓடாமலே பதிவு போய்விடும், அதுதான் இயல்பமைப்பு. ஆகவே உள்ளே நுழைந்து ஒரு வரியை அழிப்பவருக்கு எந்தப் பிழையும் வராது. பிழை வராததால் வேலை நன்றாக முடிந்தது என்று நினைத்துக்கொள்வார். நீக்கப் பிழைகளிலேயே என்னை அஞ்சவைப்பது, பிழைச் செய்தி வராத இந்த நீக்கம்தான்.

அதன் விளைவு அன்றைக்குத் தெரியாது. ஒரு நிறுவனத்தில், எங்களுக்கு முன் அங்கு பணியாற்றியவர்கள் தவறாக ஏறிய ஒரு சரக்கு வரவை இருப்பு அட்டவணையிலிருந்து மட்டும் அழித்திருந்தார்கள். மதிப்பீட்டு அட்டவணையிலும் பொதுப் பேரேட்டிலும் அதன் இணை வரிகள் அப்படியே நின்றன. ஆண்டிறுதியில் கிடங்கு அறிக்கை ஒரு தொகையும் இருப்புநிலைக் குறிப்பு வேறொரு தொகையும் காட்டின. வேறுபாடு சிறியதுதான். ஆனால் அது எங்கே பிறந்தது என்று கண்டுபிடிக்க ஒரு தடயமும் இல்லை. ஏனென்றால் மாற்றக் குறிப்பேட்டை எழுதுவதும் அதே பயன்பாட்டு அடுக்குதான், அது சுற்றிப் போகப்பட்டிருந்தது.

இந்தியாவில் இது இப்போது கணக்கு நேர்மையோடு நிற்காமல் சட்டச் சிக்கலாகவும் ஆகிவிட்டது. கம்பெனிகளின் கணக்கு விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 1 ஏப்ரல் 2023 முதல், கணக்கு மென்பொருள் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தணிக்கைத் தடத்தைப் பதிய வேண்டும், ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு குறிக்க வேண்டும், அந்த வசதியை யாரும் அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அந்தத் தடம் ஆண்டு முழுவதும் இயங்கியதா, அதில் யாரேனும் கைவைத்தார்களா என்று தணிக்கையாளர் தம் அறிக்கையில் எழுத வேண்டும். பயன்பாட்டு அளவில் தடம் இருந்தது, தரவுத்தள அளவில் நேரடி மாற்றங்களுக்குத் தடம் இல்லை என்று பல கம்பெனிகளின் அறிக்கைகளில் தணிக்கையாளர்கள் குறிப்பு எழுதியிருக்கிறார்கள். பேக்எண்டில் எடுத்துவிடச் சொல்லும் முதலாளிக்கு, அந்த ஒரு வரி தன் வங்கிக் கடன் மேலாளர் படிக்கும் ஆவணத்தில் இடம்பெறக்கூடும் என்பது தெரிவதில்லை. கம்பெனிச் சட்டத்தின் 128ஆம் பிரிவு கணக்குப் புத்தகங்களை 8 நிதியாண்டுகளுக்கு வைத்திருக்கச் சொல்கிறது; ஜி.எஸ்.டி. சட்டம் ஆண்டு விவர அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. இத்தனைக்கும் நடுவில் ஒரு பில்லை ‘நீக்க’ வேண்டிய தேவை உண்மையில் எப்போது வரும்?

பில் விஷயத்தில் நீக்கத்தின் இடத்தை ரத்து பிடித்துக்கொண்டு நெடுநாளாகிறது. டேலி என்ற கணக்கு மென்பொருளில் பழகிய கணக்கர்களுக்கு ஆல்ட்-டி வவுச்சரை அழிக்கும், ஆல்ட்-எக்ஸ் எண்ணை இருக்கவிட்டு ரத்து மட்டும் செய்யும் என்பது விரல் நுனியில் இருக்கிறது. ஜி.எஸ்.டி. விதிப்படி பில் எண்கள் தொடர்வரிசையில் இருக்க வேண்டும், விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணை, கொடுத்த ஆவணங்கள் எத்தனை, ரத்தானவை எத்தனை என்று கேட்கிறது. மின்-இன்வாய்ஸ் கட்டாயமாகியிருக்கும் நிறுவனங்களுக்கு, அதாவது 1 ஆகஸ்ட் 2023 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவற்றுக்கு, கட்டுப்பாடு இன்னும் இறுக்கம். அரசுத் தளத்தில் இன்வாய்ஸுக்குப் பதிவு எண் பெற்ற 24 மணி நேரத்துக்குள் மட்டுமே அங்கே ரத்து செய்யலாம்; சரக்கைக் கொண்டுசெல்ல எடுத்த மின்வழிச் சீட்டு (இ-வே பில்) நடப்பில் இருந்தால் அதுவும் முடியாது; ரத்தான எண்ணை மறுபடி பயன்படுத்தவும் முடியாது. அந்தக் கெடு கடந்தபின் பெரும்பாலும் வரவுக் குறிப்புதான் (கிரெடிட் நோட்) வழி. உள்ளூர்த் தரவுத்தளத்தில் இன்வாய்ஸை அழித்துவிட்டாலும், அரசுத் தளத்திலிருந்து அது ஜி.எஸ்.டி.ஆர்-1 படிவத்தில் தானே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீக்கு பொத்தானை அழுத்தியவருக்கு நீங்கள் காட்டும் பெட்டியில் இதைச் சொல்ல இடமிருக்கிறது: கெடு முடிய இன்னும் எவ்வளவு நேரம், ரத்து செய்யலாமா, இல்லையென்றால் வரவுக் குறிப்பு உருவாக்கவா என்று அங்கேயே கேளுங்கள்.

வாடிக்கையாளர், சப்ளையர், சரக்கு போன்ற மாஸ்டர் பதிவுகளில் நிலைமை வேறு. அங்கே நீக்கக் கேட்பவரின் உண்மையான குறை, நான் பார்த்தவரையில், பெரும்பாலும் இரட்டைப் பதிவுதான். ‘ஸ்ரீ’ என்பதை ஆங்கிலத்தில் எஸ்-ஆர்-ஐ, எஸ்-எச்-ஆர்-ஐ, எஸ்-எச்-ஆர்-இ-இ என்று மூன்று விதமாக எழுதும் ஊரில், ஒரே சப்ளையர் மூன்று பெயர்களில் ஏறிவிடுவது இயல்பு. ஒவ்வொன்றின் கீழும் சில பில்கள் சேர்ந்த பிறகுதான் அது கண்ணில் படும். இப்போது இரண்டை நீக்கு என்றால் எந்த மென்பொருளும் மறுக்கும், மறுக்கத்தான் வேண்டும். அவர்களுக்குத் தேவை இணைப்பு வசதி. ஈ.ஆர்.பி.நெக்ஸ்டில் ஒரு பதிவுக்கு ஏற்கெனவே உள்ள இன்னொன்றின் பெயரைச் சூட்டி இரண்டையும் ஒன்றாக்கலாம். இந்த வசதி உள்ள மென்பொருள்களிலும்கூட அது ஏதோ ஒரு மூலைப் பட்டியலில் கிடக்கிறது, நீக்கம் மறுக்கப்படும் அந்தக் கணத்தில், “இதே ஜி.எஸ்.டி. எண்ணில் இன்னொரு சப்ளையர் இருக்கிறார், அவரோடு இணைக்கவா?” என்று கேட்கும் மென்பொருளை நான் இதுவரை கண்டதில்லை.

இணைக்கவும் முடியாதவற்றுக்கு, செயலிழக்கச் செய்வது இருக்கிறது. எஸ்.ஏ.பி.யில் ஒரு சரக்கை அன்றாடப் பயனர் அழிப்பதில்லை, எம்.எம்.06 என்ற திரை வழியாக நீக்கக் குறி இடுகிறார், பின்னர் பழைய பதிவுகளை அப்புறப்படுத்தும் காப்பக ஓட்டம், அந்தச் சரக்கைச் சார்ந்த பதிவுகளைச் சோதித்த பிறகே அது வெளியேறுகிறது. ஓடூ என்ற மென்பொருளில் காப்பகப்படுத்து என்ற ஒரு சொடுக்கில் பெயர் பட்டியலிலிருந்து மறைகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆனால் பாதியில் விடப்பட்ட ஏற்பாடாகப் பல இடங்களில் பார்க்கிறேன். செயலிழந்த சப்ளையர் தேடலில் வரமாட்டார், அவரை மறுபடி உருவாக்கினால் “இந்த ஜி.எஸ்.டி. எண் ஏற்கெனவே உள்ளது” என்று பிழை வரும். இல்லாதவர் எப்படி ஏற்கெனவே இருக்கிறார் என்று கேட்டு எங்களை அழைப்பார்கள். ஒரே எண் இருமுறை ஏறாமல் தடுக்கும் தனித்தன்மைக் கட்டுப்பாட்டை நடப்பிலுள்ள பதிவுகளுக்கு மட்டும் பொருந்தும்படி எழுத எஸ்.க்யூ.எல். சர்வரும் போஸ்ட்கிரெஸும் நெடுங்காலமாக இடம் தருகின்றன. அதைவிட நல்லது, “அவர் செயலிழந்த நிலையில் இருக்கிறார், மீட்டெடுக்கவா?” என்று கேட்பது.

தனிநபர் விவரங்களை அழிக்கக் கோரும் உரிமை 2023ஆம் ஆண்டின் எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இந்தியாவிலும் வகுக்கப்பட்டிருக்கிறது. வேறு சட்டப்படி வைத்திருக்க வேண்டியவற்றுக்கு அதிலேயே விலக்கும் இருக்கிறது. பில்லை விட்டுவைத்து, தேவையற்ற கைபேசி எண்ணையும் பிறந்த தேதியையும் மட்டும் துடைக்கும் கருவி பலரிடம் இன்னும் இல்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

உங்கள் அடுத்த வெளியீட்டில் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது என்பது எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள் என்று கேட்டால், தடுக்கும் ஆவணத்தின் எண்ணைத் திரைக்குக் கொண்டுவாருங்கள் என்பேன். இரண்டாவது இடம் இருந்தால், அந்தப் பெட்டியிலேயே ரத்து, இணைப்பு, செயலிழப்பு ஆகியவற்றில் பொருந்துவதற்கு ஒரு பொத்தான் வையுங்கள். மூன்றாவது கோரிக்கை உங்கள் ஆதரவுப் பிரிவுக்கானது: வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிறார் என்பதற்காக நீக்க ஆணைகளை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் பழக்கத்தை நிறுத்துங்கள், தவிர்க்கவே முடியாத இடத்தில், பயன்பாட்டு அடுக்கின் வழியாக ஓடி, யார் சொன்னார், யார் செய்தார், எந்த வரிகள் போயின என்று பதிந்துவைக்கும் கருவியாக அதைக் கொடுங்கள். எங்கள் ஊர் நிறுவனங்கள் மார்ச் மாதத்தில் கணக்கு முடிக்கும். மாஸ்டர் பட்டியலைச் சுத்தம் செய்யும் வேலை பிப்ரவரியிலேயே தொடங்கிவிடும். அதற்கு முன் இந்த மாற்றம் வந்து சேர்ந்தால் இந்த ஆண்டுக்கே உதவும். சோதித்துப் பார்க்க நிஜமான நீக்கக் கோரிக்கைகள் வேண்டுமென்றால், பெயர்களை அகற்றிவிட்டு நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு ஈ.ஆர்.பி. செயலாக்க ஆலோசகர்